ஆட்சேபணை உண்டா?

"என் வேலை போச்சா இருக்கான்னு தெரிஞ்சிக்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா லா? சரி, கேளுங்க," என்று அக்கம்பக்கத்தாரிடம் ஆரம்பித்தேன்.

ஈப்போ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிர்வாகக் குழுவுக்குத் தேநீர் ஊற்றுபவள் நான். தலைவர் தீர்மானத்தை வாசித்து, "ஆட்சேபணை உண்டா?" என்பார். யாரும் பேசாவிட்டால் நிறைவேறிவிடும். பல வருடமாக நானும் பேசியதில்லை.

அன்று செலவைக் குறைக்க, பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து பிள்ளைகள் வரும் பேருந்தை நிறுத்தப் பார்த்தார்கள். என் பேத்தி அதில்தான் படிக்க வருகிறாள்.

"ஆட்சேபணை உண்டா?"

"இருக்கு," என்றேன், தட்டோடு நின்றபடி.

தலைவர் சிரித்தார். "அக்கா, நீங்க மெம்பர் இல்லலா."

"மெம்பருங்க தே குடிக்கத்தானே வாயத் தொறக்கிறீங்க? அதான் நான் பேசுறேன்."

கடைசி நாற்காலியில் இருந்த உறுப்பினர் அம்மா மெல்லக் கை தூக்கினார். "எனக்கும் இருக்கு."

தீர்மானம் நிறைவேறவில்லை; பேருந்து இன்றும் ஓடுகிறது. இத்தனை வருடம் சும்மா நின்றதுதான் எனக்கு வெட்கம்.

அக்கம்பக்கத்தாரிடம் சொன்னேன்: "என்னை வேலையை விட்டு நிறுத்தவும் கூட்டம் போடணும்லா. அங்கயும் தே ஊத்தப்போறது நான்தான்!"