மகளின் ஜப்பானும் என் தம்பியும்

வன்னியில் போர் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. என் தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாமுக்கு வந்து சேர்ந்த சனத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் இங்கே வெளிநாட்டிலிருந்தபடியே ஆள்மூலம் விசாரித்துவிட்டேன். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணர் போன் எடுத்து, "அந்தியேட்டியைச் செய்து முடி பிள்ளை, அவனை அலையவிடாதை" என்றார். உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவீட்டுச் சடங்கா? வாயில் வந்தபடி ஏசிவிட்டுப் போனை வைத்தேன்.

அதே கிழமை மகளுக்குக் கிம்னாசியத்தில், அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளியில், வாய்மொழித் தேர்வு. இங்கே அதற்கு வேறொரு பள்ளியிலிருந்து சென்சோர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டுப் புள்ளி போடுவார். "அம்மா, நீங்கள்தான் சென்சோர்" என்று டேனிஷில் சொல்லி என்னைக் குசினி மேசைக்கு முன்னால் இருத்தினாள்.

போருக்குப் பிந்திய ஜப்பான்தான் அவளுடைய தலைப்பு. டேனிஷில் கடகடவென்று சொன்னாள். அமெரிக்கர் வந்து இறங்கினார்கள். தான் கடவுள் இல்லை என்று சக்கரவர்த்தியே அறிவித்தார். புதிய அரசியல் சட்டத்தை வந்தவர்களே ஒரு கிழமைக்குள் எழுதி நீட்டினார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. பிள்ளைகள் தங்கள் பாடப்புத்தகத்தில் பழைய வரிகளைத் தாங்களே மைபூசி மறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சோற்றுக்குப் பதில் கோதுமைப் பாணும் கரைத்த பால்மாவும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தவனே வந்து பாணும் கொடுத்துச் சட்டமும் எழுதுவதாம், அதற்குப் புள்ளியும் போடுவார்களாம். ஆனால் ஏழு வருஷத்தில் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், படைத்தளங்கள் மட்டும் மிஞ்சின என்று அவள் சொன்னபோது பொறாமையாகவும் இருந்தது. எங்களுக்கு யார் எதைத் திருப்பித் தரப் போகிறார்கள்?

"இப்ப கேள்வி கேளுங்கோ." அதையும் டேனிஷில்தான் சொன்னாள்.

"போனதுகள் திரும்பி வராட்டி, அந்தச் சனம் என்ன செய்தது?"

அவள் தாள்களைப் புரட்டினாள். வீடுகளுக்குச் செத்தவரின் எலும்பை வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வந்ததாம். எலும்பு கிடைக்காதவர்களின் பெட்டிக்குள் சிலவேளை ஒரு கல் மட்டும் இருந்ததாம்.

"கல்லெண்டாலும் குடுத்தவங்கள்தானே" என்றேன். "எனக்கு அதுகூட ஒருத்தரும் தரேல்லையே."

வீட்டில் எப்போதும் டேனிஷிலேயே பதில் சொல்கிறவள், தாள்களை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"அப்ப மாமா செத்திட்டாரோ அம்மா?"

அண்ணரை ஏசியதுபோல் அவளையும் ஏச வாயெடுத்தேன். முடியவில்லை. அவனுடைய கல்லைக் கேட்டவள் நான்தானே.