இக்காட் தெப்பி பொத்தான்

என் பேத்தி நிரஞ்சனி சாப்பாட்டுக் கடைகளில் ஆர்டர் எடுக்கச் செய்த மென்பொருளைக் கண்டு கோலாலம்பூரே நடுங்கியது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

அலோர் காஜா முனியம்மாவின் சாப்பாட்டுக் கடை ஒப்பந்தம் கைநழுவினால் நிரஞ்சனி தன் சின்னக் கம்பெனியை மூட வேண்டியதுதான். போட்டிக்கு வந்ததோ நாடு முழுக்கக் கிளை பரப்பிய கம்பெனி.

"தே ஓ பொங்குஸ், இக்காட் தெப்பி. எங்க தம்பி அமுக்கணும்?" என்றார் முனியம்மா, பெரிய கம்பெனிக்காரரின் திரையைக் காட்டி. பார்சலுக்குப் பையில் ஊற்றிய பாலில்லாத தேநீரை, ஸ்ட்ரா போக வழிவிட்டு ஓரமாகக் கட்டுவதுதான் அது.

அவர் தலையைச் சொறிந்தார். "அது இல்லக்கா. ஹெட் ஆபீஸுக்கு எழுதணும். அடுத்த வருஷம் வரலாம்."

"அதுவரைக்கும் கஸ்டமர் தாகத்தோட நிப்பானா?"

நிரஞ்சனியின் திரையில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. கடை ஒப்பந்தம் அவளுக்கே.

'கடை கடையாக உட்கார்ந்து ஆராய்ந்தவள்' என்று நான் எழுதும்போதே எட்டிப் பார்த்தாள்.

"ஆராய்ச்சியா? ஆபீஸ் கெட்டில் கெட்டுப்போச்சு அம்மம்மா. தே குடிக்கப் போனேன்லா."