கிளாடிஸ் மெஸ்ஸில் உப்புக் கூடிய நாள்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரே கிளாடிஸின் மெஸ் இருக்கிறது. ஆறே மேசைதான். புன்னைக்காயலில் பிறந்தவள். கப்பல் வேலைக்குப் போன கணவன் பெனிஸ்டன் இளம் வயதிலேயே இறந்துபோக, முப்பத்திரண்டு வயதில் இந்த அடுப்பைப் பற்றவைத்தாள். பதினெட்டு வருடமாக மத்தியானச் சாப்பாடு மட்டும் போடுகிறாள். மீன் திருப்தியாக அமையாத நாளில், “இன்னைக்கு மீன் ஐஸ்ல கெடந்தது. முட்டை வாங்கிக்கோங்க” என்று ஆள் உட்காரும் முன்பே சொல்லிவிடுவாள்.

கொரோனா அவளையும் விடவில்லை. காய்ச்சல் இறங்கி எழுந்தபோது மூக்கும் நாக்கும் செத்துப்போயிருந்தன. மீன் கூடைக்குள் முகத்தை வைத்தாலும் வெறும் காற்று. தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். சமைக்கிறவளுக்கு ருசி தெரியவில்லை என்றால் எவன் வருவான்? அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. செவுளின் சிவப்பைப் பார்த்து மீன் வாங்கினாள். கை அளவை நம்பி உப்பும் புளியும் போட்டாள். நான்கு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை, குழம்பு கொதிக்கும்போது மகள் ஷெர்லின் சென்னையிலிருந்து போன் செய்தாள். பேச்சு சுவாரசியத்தில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

அன்று மோர் ஒன்றேகாலுக்கே தீர்ந்தது. தண்ணீர்க் குடத்தை இரண்டு தடவை நிரப்பினார்கள். ஆனால் யாரும் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள் கிளாடிஸ். மூன்று மணிக்கு, பரிமாறுகிற சுடலைக்கண்ணு சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்தைத் துப்பிவிட்டார்.

“என்ன யக்கா இது, கடல் தண்ணில்லா!”

அவள் ஒரு கரண்டி குழம்பை வாயில் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சுடலைக்கண்ணு அவள் முகத்தையே பார்த்தார். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

மறுநாள் கூட்டம் உட்கார்ந்ததும் அவளே அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

“நாலு மாசமா எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. நேத்து குழம்பு எப்படி இருந்துச்சுன்னு சுடலை சொல்லித்தான் தெரியும். நீங்க ஒருத்தரும் ஏன் சொல்லல?”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிவப்பிரகாஷ் வாயைத் திறந்தான். “சீக்குல கெடந்து எந்திரிச்சு வந்திருக்கிய. ஒரு நாள் உப்புக்காக ஒங்க மொகம் வாட வேண்டாமேன்னுதாங்க்கா...”

“நான் உப்பளத்துல வேல பாக்குதவன். எனக்குச் சரியாத்தான் பட்டுது” என்றார் இசக்கியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். கிளாடிஸ் சிரிக்கவில்லை.

“மீன் பழசுன்னா என்னைக்காவது ஒங்ககிட்ட மறைச்சிருக்கனா? நீங்க மட்டும் ஏன் மறைச்சிய?” என்றவள், “நானும் இத மறைச்சேன். அது தப்புதான்” என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து, பதினொரு மணிக்குச் சுடலைக்கண்ணு ருசி பார்த்த பிறகே குழம்பு இறங்கியது. ஷிப்பிங் ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், வாயையும் திறந்தார்கள். புளி தூக்கல், மிளகு பத்தாது, நேற்றைய ரசம் இதைவிடத் தேவலை என்று ஆளாளுக்குச் சொல்ல, சில நாள் கரண்டியோடு வெளியே வந்து சண்டையே போட்டாள்.

அந்த மாதம் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் சிவப்பிரகாஷோடு சாப்பிட வந்தான். “பக்கத்துல ஏசி ஓட்டல் இருக்கே, இங்கன அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்டான்.

“சில நாள் சாப்பாடு நல்லா இருக்காது. அன்னைக்கு அவங்களே சொல்லிருவாங்க” என்றான் சிவப்பிரகாஷ், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அடுத்த வருடம் ஈஸ்டர் முடிந்து ஒரு காலை, தேங்காய் எண்ணெய் காயும் வாசனை லேசாக மூக்கில் ஏறியது. கிளாடிஸ் அடுப்பை அணைக்காமலே சட்டியின் மேல் குனிந்து நின்றாள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். அதன் வாசனை இன்னும் தெரியவில்லை. மறுபடியும் ஒரு கொத்தைக் கிள்ளினாள்.