மஞ்சளித்த நிரை

கைம்பெண் கை பட்டால் கொழுந்து மஞ்சளிக்கும் என்ற பேச்சை என் தங்கை பூரணி பொய்யாக்கினாள். பிடுங்கப்பட்ட நிரையை, தான் கொழுந்தெடுக்கும் தேயிலை வரிசையை, திரும்ப வாங்கினாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே இலங்கை டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவியானாள். முதல் இரண்டிலும் குறுக்கே நின்றவர் கங்காணி வீரய்யா. அவருக்கு மீசை பெரிது, மற்றதெல்லாம் சிறிது.

1960இல் பூரணியின் கணவன் காய்ச்சலில் இறந்தான். அந்த மார்கழியில், தையில் நடக்கவிருந்த மகள் கல்யாணத்து விறகுக்கென்று தோட்டத்துத் துரையிடம் இரண்டு மரம் கேட்ட கங்காணி, மேட்டு மலையில் நிழலுக்கு நின்ற சவுக்கு வரிசையையே சாய்த்தார். தை வெயில் ஏறியதும் அங்கிருந்த தேயிலை எலுமிச்சம்பழம் போல வெளிறியது. அது பூரணி கொழுந்தெடுக்கும் நிரை.

காலைப் பெரட்டில், எல்லாரையும் கூட்டி வேலை பிரிக்கும்போது, கங்காணி தீர்ப்புச் சொன்னார்.

"தாலி அறுத்தவ கை பட்டா செடி எப்படிப் பச்சையா இருக்கும்? நாகலெட்சுமி, நீ அந்த நிரையப் புடி. பூரணி புல்லு வெட்டப் போகட்டும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கல்யாண விருந்து இன்னும் அவர்கள் வயிற்றில் இருந்தது. நிரை போனால் பூரணிக்குக் கொழுந்தால் கிடைக்கும் கைக்காசு போகும். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அரை வயிறுதான்.

"மரத்த வெட்டுனது நீங்க, பழி எனக்குங்களா?" என்றாள்.

"வாய் நீளுது புள்ள!"

"வெயிலு வாய் தொறந்து பேசாதுங்களே. அதான் நான் பேசுறேன். பத்துச் செடிய என் கையில குடுங்க. மூணு வாரத்துல பச்சையாகலன்னா, சாகுற வரைக்கும் புல்லு வெட்டுறேன்."

கங்காணி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நிழலில் தேயிலை கரும்பச்சையாக இருக்கும், சுட்டெரிக்கும் வெயிலில் வெளுக்கும். ஓடைக்கரைச் செடியைப் பார்த்தாலே தெரியும். பார்க்கக் கண் வேண்டும். அவரிடம் பிரம்புதான் இருந்தது.

பூரணி கம்பு நட்டு, பத்துச் செடிக்கு மேலே பழைய சாக்குகளைக் கட்டினாள். தன் கையாலேயே கொழுந்தும் எடுத்தாள். பக்கத்துத் திறந்த வெயிலில், ஐந்து பிள்ளை பெற்ற சுமங்கலி நாகலெட்சுமி எடுத்தாள்.

மூன்று வாரத்தில் சாக்குக்கு அடியில் பச்சை திரும்பியது. வெளியே அதே மஞ்சள்.

"என் தாலி கெட்டியாத்தான் இருக்கு கங்காணி. செடிதான் தேறல," என்றாள் நாகலெட்சுமி. பெரட்டே சிரித்தது.

"ஏதோ காலக்கோளாறு," என்று முனகிய கங்காணி நிரையைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து வந்த சங்கக் கூட்டத்தில், அன்று தலையாட்டிய அதே பெண்கள் கை தூக்கி அவளைத் தலைவியாக்கினார்கள். வெட்கம் என்பது அவர்களுக்கும் தாமதமாகத்தான் வரும். சங்கத்தார் கைநாட்டுக்கு மை நீட்டினார்கள். அவள் அதைத் தள்ளிவிட்டு, மகனுடைய சிலேட்டில் பழகிய மூன்றெழுத்தை எழுதினாள்: பூரணி. அன்று 1961 மார்ச் 12.