கியர் பாக்ஸுக்கு நான் இட்ட பொட்டு

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் ஊரில் பாதிக் கார்கள் கரிவாயுவில் ஓடுகின்றன. அடுப்புக்குத்தான் கரி கிடைப்பதில்லை. ஆவியை ஏன் வீணாக்குவது என்று இன்று காலை இட்லிக் கொப்பரை மூடியில் இருந்த சின்ன ஓட்டையை மாவை உருட்டி அடைத்தேன். எதையாவது சீர்திருத்தாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது, உங்களுக்குத்தான் தெரியுமே. பத்தே நிமிஷம். மூடியின் ஓரமெல்லாம் வெந்நீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது.

"மேல மூச்சு விட வழியில்லேன்னா ஓரத்துலதான் வழியும். படிச்சவருக்கு இதுகூடத் தெரியலையா?" என்றாள் மனைவி.

கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். ஒரு பழைய கார் ஏன் எண்ணெய் ஒழுகியது என்று எட்டு வருஷம் கழித்து, அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

அப்போது நான் கண்டோன்மெண்டில் ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் இருந்தேன். கையில் இங்கிலீஷ் புத்தகம், தலையில் கனம். சூடான கியர் ஆயிலின் கருகல் வாசனை எனக்கு மல்லிகை மாதிரி. தலைமை ஃபிட்டர், ஆஸ்டின் டவுனிலிருந்து வரும் அந்தோணி அண்ணன். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவரின் பழைய காருக்கு அவர் கியர் பாக்ஸைப் பிரித்துக் கோத்து முடித்த மறுநாள் ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கு இடுகிற சந்தனம் வருஷாவருஷம் காய்ந்து உதிர்ந்துவிடுகிறதே என்று, கியர் பாக்ஸின் தலையில் நான் மஞ்சள் பெயிண்டால் பட்டை போட்டு, நடுவில் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்தேன். "மூளைடா இவனுக்கு!" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது. ஜட்ஜ் வீட்டு வாசல் தளமெல்லாம் எண்ணெயாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, ஓசூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து அடியில் படுத்துப் பார்த்தேன். எண்ணெய் சொட்டும் இடத்தை நம்பக்கூடாது, காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்; பொடி முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் ஊற்று. நனைந்திருந்தது பின்பக்கம், ஷாஃப்ட் வெளியே வரும் வாயில். "எண்ணெயைத் தடுக்க அங்கே வைத்த ஃபெல்ட் வளையம் சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணன் மாற்றினார். ஒழுகியது. மறுபடி மாற்றினார். மறுபடி ஒழுகியது.

"ஃபெல்ட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளேருந்து ஏதோ தள்ளுது. மேல மூச்சு ஓட்டை ஒண்ணு இருக்கும். அந்தப் பட்டையச் சுரண்டிப் பாக்கலாமா?"

முதலாளிக்கு முகம் மாறியது. "பூஜை போட்ட பொட்டையா சுரண்டுவே? உங்க கோயில்ல இப்படிச் செய்வியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டு நான் இட்டது. சுரண்டலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஒழுகறது கீழ அண்ணே. நீங்க மேல என்னத்தத் தேடறீங்க?" என்றேன். ஒர்க்ஷாப்பே சிரித்தது. நானும்தான்.

அடுத்த முறை ஜட்ஜே நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளி "ஹோகு, ஹோகு!" என்று கன்னடத்தில் அண்ணனை விரட்டினார். அவர் ஸ்பேனர்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். அவர் மேஜை எனக்கு வந்தது. 'ஒழுகல் அந்தோணி' என்ற பெயர் அவருக்கு முன்னால் எல்லா ஒர்க்ஷாப்புக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கும் வேலை இல்லை.

போன வருஷம் அவரை ஜோகுபாளையத்தில் தெருவோரம் பார்த்தேன். கோணியை விரித்து உட்கார்ந்து, ஸ்டவ் துளைகளில் ஊசி விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி என்று கூப்பிடவில்லை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார்.

ஒர்க்ஷாப் இப்போது பட்டாளத்துக் கிடங்கு. ஜட்ஜ் இறந்துவிட்டார், கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. சுரண்டிப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ள அந்தப் பட்டையும் இல்லை.

மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் ஸ்டவ் மூலையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஜோகுபாளையம் போகப்போகிறேன். அதில் ஒரு கோளாறும் கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லையே சார்" என்பார். அப்போதாவது வாயைத் திறக்க வேண்டும்.