அதிகாரி வருகிறார், பலகை போடுங்கள்!

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி 'டிங்' என்றது. நகராண்மைக் கழகத்திலிருந்து குறுஞ்செய்தி. என் புகார் எண், அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு மலாய்ச் சொல் — 'செலெசாய்'. அதாவது, பிரச்சினை தீர்ந்தது.

ஆஹா! அரசாங்கம் இவ்வளவு வேகமா? மாவுக் கையோடு நின்று அதை இரண்டு முறை படித்தேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் பார்க்கப் போனேன்.

நான் புகார் செய்த பலகைப் பாலம் அப்படியேதான் இருந்தது. நடுவில் மூன்று பலகைகளைக் காணோம். அந்த ஓட்டையில் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி, நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்கள். 'ஜாக்கிரதை' என்று அர்த்தமாம்.

தீர்ந்ததா? எது தீர்ந்தது... என் பொறுமையா?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் தாதி என்றால் 'மிஸ்ஸி'. வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் பெயர் போகவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சிங்கப்பூரில். புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் தாமான் என்று சொல்கிற குடியிருப்பு ஒன்றில், மூன்று அறை வீட்டில், நானும் என் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்.

தாமானுக்குப் பின்னால் பெரிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். தோட்டத்து ஓரத்தில் பழைய தொழிலாளர் வீடுகள் ஒரு வரிசை. பத்து வீடுகளில் ஒன்பது காலி. பத்தாவது வீட்டில் மாரியப்பன் அண்ணன் தனியாக இருக்கிறார். மனைவி இல்லை. பிள்ளைகள் ஜோகூரில்.

அந்தப் பலகைப் பாலம் வழியாகத்தான் அண்ணன் தினமும் காலையில் இந்தப் பக்கம் வருவார். முக்குக் கடையில் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரேக் ஒன்று. கடைக்காரர் வாங்கும் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் பத்தியை வாசித்துவிட்டு, "மிஸ்ஸி, இந்த வாரம் உப்பு கம்மி" என்று ஒரு மார்க்கும் போடுவார். மாதம் ஒரு முறை இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை வாங்க கிளினிக் போவதும் இந்த வழியேதான்.

ஐந்து மாதத்துக்கு முன்பு நடுப்பலகைகள் மூன்று உடைந்து, அவருடைய வலது கால் முட்டி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றோடு அவர் இந்தப் பக்கம் வருவது நின்றுபோனது. வேறு வழி இல்லையா? இருக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் நாலு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். அந்த முட்டியை வைத்துக்கொண்டா? வாரம் இரண்டு தடவை அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் பாய்தான் அவருக்கு அரிசியும் சீனியும் மாத்திரையும் வாங்கிக் கொடுக்கிறார்.

எங்கள் தாமானுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. உடைந்த பாலத்தைப் படம் பிடித்து அதில் போட்டேன். அடேயப்பா, எத்தனை கட்டை விரல்கள்! எத்தனை கும்பிட்ட கைகள்! 'பாவம் பெரியவர்' என்று நாலு பேர். அதற்குக் கீழேயே ஒருவர் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' போட்டார். பாலம் மேலே ஏறிக் காணாமல் போய்விட்டது.

சரி என்று நானே இணையத்தில் புகார் எழுதினேன். ஒரு முறையல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை பதில் வந்தது... அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்வையிடுவார் என்று.

அவ்வளவுதான். அதிகாரி என்ற வார்த்தையைக் கேட்டதும் குரூப்புக்கு உயிர் வந்துவிட்டது.

"மிஸ்ஸி, நீங்க கவலையே படாதீங்க. துவான் வர்றாரு லா! சும்மா வுட முடியுமா?" என்றார் சேகர். அவர்தான் எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். நல்ல மனிதர். காரியம் என்றால் முன்னால் நிற்பார். எந்தக் காரியம் என்று மட்டும் யோசிக்க மாட்டார்.

முதல் நாளே புல் வெட்டியாகிவிட்டது. கால்வாயில் கிடந்த குப்பையை வாரினார்கள். "வர்றவரு கால உள்ள வுட்டுட்டா நம்ம மானம் போயிரும்" என்று சொல்லி, கோவில் அன்னதானப் பந்தலில் போடுகிற மூன்று நல்ல பலகைகளைக் கொண்டுவந்து ஓட்டையில் அடித்தார் சேகர். இரண்டு பக்கமும் மாவிலைத் தோரணம். இது போதாதென்று, பலகை மேல் விரிக்க ஒரு பழைய கார்பெட்.

கார்பெட் யார் கொடுத்தது என்று கேட்கிறீர்களா? நான்தான். எல்லோரும் ஏதாவது கொண்டுவருகிறார்களே, நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று...

அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும், மலாய்க்காரர், மரியாதையான பிள்ளை. கார்பெட் மேல் நடந்து அந்தப் பக்கம் போனார். பாலத்தை நாலு படம் எடுத்தார். தோரணத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் முப்பது பேர், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.

மாரியப்பன் அண்ணன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வீட்டில் இருந்த நாற்காலி, ஸ்டூல், தகர டின் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருந்தார். பெரிய அலுமினியப் பானையில் பால் விடாத தே ஓ. ரொட்டி பாயிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கி வைத்த பிஸ்கட், இரண்டு டின். கிளாஸ் போதாமல் கிண்ணத்தில் எல்லாம் ஊற்றிக் கொடுத்தோம்.

தே ஓவைக் குடித்து முடித்த அதிகாரி, பாலத்தைக் காட்டிக் கேட்டார். "ஓகே கெ, பாக்சிக்?" பெரியவரே, பாலம் சரிதானே என்று.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "ஓகே, துவான். செமுவா ஓகே."

எல்லாம் ஓகேவா? நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவில் புகுந்து 'இல்லை, இவர் பொய் சொல்கிறார்' என்று எப்படிச் சொல்வது? அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், போனார்.

மறுநாள் கோவிலில் அன்னதானம். சேகர் வந்து பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கால்வாயின் இந்தக் கரையில் நான், 'செலெசாய்' என்று சொல்லும் கைப்பேசியோடு. அந்தக் கரையில் அண்ணன், கைலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அங்கிருந்தே கத்தினேன்.

"ஏண்ணே, எல்லாம் ஓகேன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் மெதுவாக எழுந்து கால்வாய் ஓரத்துக்கு வந்தார். "வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்ச மனுசன்கிட்ட எப்படி மிஸ்ஸி கொற சொல்றது?"

"அவரு அதக் கேக்கத்தானே வந்தாரு!"

அவர் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு வாசல்ல செருப்பு வைக்க எடமே இல்ல, மிஸ்ஸி. பாத்தீங்களா?"

நான் செருப்பைப் பார்க்கவில்லை.

"திரும்பவும் புகார் போட்டா வருவாங்களா?"

"ஆபிசர் வருவாருண்ணே. வரவைப்போம்."

"ஆபிசர் இல்ல மிஸ்ஸி. நம்ம ஆளுங்க."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. என் வீட்டுப் பின்வாசலிலிருந்து அவர் வீட்டு வாசல் தெரியும். சத்தம் போட்டால் கேட்கும். ஐந்து மாதத்தில் நான் மூன்று புகார் எழுதியிருக்கிறேன், பத்துப் பதினைந்து படம் எடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது சுற்றிப் போய் அவரைப் பார்த்தேனா? எனக்குத்தான் காரும் இருக்கிறது, வேலையும் இல்லை. தனியாக இருக்கிற இரண்டு பேர், நடுவில் ஒரு கால்வாய்... இதை எந்தக் கழகத்தில் போய்ப் புகார் செய்வது?

அன்றே நாலாவது புகாரை எழுதினேன். போன முறை பாலம் நன்றாக இருந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று உண்மையையும் எழுதினேன். சேகரைக் கூப்பிட்டு, இந்த முறை பலகை, தோரணம், கார்பெட் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்ப துவான் எப்படி மிஸ்ஸி அந்தாண்ட போவாரு?" என்று கேட்டார் அந்த நல்ல மனிதர். போக முடியாது, அதுதான் விஷயம் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை சுற்று வழியில் காரை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கையில் பேப்பர், டப்பாவில் தோசை. அன்றைக்குப் போட்ட நாற்காலிகளை அவர் இன்னும் எடுத்து வைக்கவில்லை. ஒன்றில் உட்கார்ந்தேன்.

"அடுத்த தடவ ஆபிசர் கேட்டா என்ன சொல்லணும்? சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"தாக் ஓகே, துவான்." சரியில்லை, ஐயா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சொன்னார்.

"சிரிக்காம சொல்லுங்கண்ணே."

"தாக் ஓகே, துவான்." இந்த முறை நன்றாக வந்தது. உட்கார்ந்து தோசையைப் பிட்டவர், என் கையைப் பார்த்துவிட்டார். "மொழங்கை என்னா மிஸ்ஸி, இப்படி வீங்கியிருக்கு?"

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது. கூப்பிட்டால் வர யாரும் இல்லை என்பதால் கூப்பிடவும் இல்லை. அன்று ரொம்பப் பயந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அவரிடம் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசி அடித்தது. மகள், வீடியோவில். தலைமுடியைச் சரி செய்துகொண்டேன். கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். கைப்பேசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துச் சிரித்தேன்.

"எப்படிம்மா இருக்க? ஒடம்பு நல்லா இருக்கா?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். எல்லாம் ஓகே."

"சரிம்மா, அப்புறம் கூப்புடுறேன்." வைத்துவிட்டாள்.

அண்ணன் தோசையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மிஸ்ஸி... நீங்களும் பலகை போட்டுட்டீங்களே."