அக்கா திரும்ப வாங்கிய பக்கம்

இந்த நினைவு மலரை விரித்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இருந்திருந்தால் இதில் முதலில் பிழைதான் தேடியிருப்பார். அந்தப் பயத்தோடுதான் தம்பி நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இறக்கக்கண்டியில். ஐயாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தபின் குடும்பம் திருகோணமலை நகருக்கு வந்தது. வெள்ளைக்காரரின் கடற்படை போனதோடு ஐயாவின் வேலையும் போயிற்று. அக்கா அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்த புதிது. அவருடைய சம்பளத்தில்தான் எங்கள் குசினியில் அடுப்பு எரிந்தது, நான் படித்தேன். கலியாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. "இவன் முதலில கரையேறட்டும்" என்று என்னைக் காட்டித் தட்டிவிட்டார்.

முதல் நியமனம் தம்பலகாமப் பக்கம். வயலும் குளமும் இடைக்கிடை யானையுமாக, சனம் நிறைந்த இடம். பிறகு நகரப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குச் சரித்திரம். அமெரிக்கச் சரித்திரத்துக்குத் தமிழில் புத்தகம் கிடைப்பது அரிது. அக்கா ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக் குறிப்பு எழுதினார். பங்குத்தந்தையின் அறைவீட்டில் இருந்த ரோனியோ இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றிப் பிரதி எடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் இலவச வகுப்பு. மூதூர்ப் பிள்ளைகள் குடாவைக் கடந்து லோஞ்சிலும் தம்பலகாமத்துப் பிள்ளைகள் பஸ்ஸிலும் வருவார்கள்.

மேற்குநோக்கி மக்கள் பரவியதும் கைத்தொழில் வளர்ந்ததும் அமெரிக்கச் சமூகத்தை எப்படி மாற்றின என்பதுதான் அக்காவின் பேர்போன பாடம். ரயில்பாதை போன வழியெல்லாம் ஊர் முளைத்ததையும், இரும்பாலைகள் எழுந்ததையும், நிலம் உழுத கமக்காரரின் பிள்ளைகள் நகரத்துக்குப் போனதையும் கதைபோலச் சொல்லுவார். "வெயிலைப் பாத்து எழும்பின மனிசன் ஆலைச் சங்கைக் கேட்டு எழும்பத் துவங்கினான். எங்கட ஐயாவும் அப்பிடித்தான்" என்பார். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில், அந்தப் பாடத்தின் நடுவே தம்பலகாமத்துத் தவமணி எழும்பினாள்.

"ரீச்சர், மேற்கில ஆளில்லாத நிலம் எண்டு இந்தப் பக்கத்தில கிடக்கு. அங்கால பக்கத்தில, நிலத்துக்காகச் சண்டை பிடிச்சவை எண்டு கிடக்கு. ஆரோட பிடிச்சவை?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. குறிப்பை வாங்கி இரண்டு பக்கத்தையும் வாசித்தார்.

"பிழை என்னிலதான் பிள்ளை. புத்தகத்தில இருந்ததை அப்பிடியே எழுதிப்போட்டன். வாற சனிக்கிழமை சரியாச் சொல்லுறன்."

அந்தக் கிழமை முழுவதும் நூலகமே கதி என்று கிடந்தார். பிறகு அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினார். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிகள், அவர்களோடு எழுதி முறித்த ஒப்பந்தங்கள், கொன்று தீர்த்த காட்டெருமைகள் எல்லாம் அதில் வந்தன. ரயிலும் ஆலையும் அதற்குப் பிறகுதான். முன்னைய வருடங்களில் குறிப்பு வாங்கியவர்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு வரிக்கு இந்தப் பாடோ? என்னால ஏலாது."

"ஏலாட்டி விடு. நான் கையால எழுதுறன்."

அவர் கையால் எழுதத் தொடங்க நான் சும்மா இருக்க முடியுமா? ரோனியோவைச் சுற்றினேன். ஒரு பிள்ளையின் தகப்பன் வந்து, "சோதனை கிட்ட வந்திட்டுது, பிள்ளையளைக் குழப்பாதேங்கோ. ரீச்சருக்கே தெரியாதாம் எண்டு சனம் கதைக்குது" என்றார். "கதைக்கட்டும். தெரியாமல்தானே இருந்தனான்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார் அக்கா. மூதூருக்கு லோஞ்சேறிப் போய், வீடு வீடாகப் பழைய பக்கத்தை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார். முணுமுணுத்தபடி நானும் கூடப் போனேன். அந்த வருடப் பிள்ளைகள் நன்றாகவே சித்தியடைந்தார்கள்.

கடைசி வருத்தத்தில் அக்கா படுக்கையில் அதிகம் கிடந்து உத்தரிக்கவில்லை. "நல்லாத்தான் இருந்தனான். அழாதை" என்றார். ஆசுபத்திரியில் கவனித்த தாதிமாருக்கும், கதிரைகள் தந்த அயலவருக்கும், மூதூரிலிருந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தவமணி இப்போது சரித்திர ரீச்சர். இந்த மலரின் அச்சுப்படியில் பிழை பார்த்துத் தந்தவர் அவர்தான். அக்காவின் முதல் நியமனம் பற்றி, "அந்தக் காலத்தில் தம்பலகாமம் ஆளில்லாத காடு" என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் அவர் கேட்டிருந்தார்:

"அப்ப ரீச்சர் ஆருக்கு அண்ணை படிப்பிச்சவ?"

திருத்திவிட்டேன், அக்கா.